கோல்கொண்டின் மதிலோரம் நின்று மாயன் மரபை வரைந்து பழகுவது எப்படி

மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியின் பழைய நாகரிகமான மாயன் மரபுக்கும் நவீனக் கட்டடக்கலைக்கும் உள்ள உறவைக் கண்ணால் பழகிக்கொள்ள மெக்சிகோவரை போக வேண்டியதில்லை. இரண்டு படங்களை அச்செடுத்துக்கொண்டு, புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டின் மதிலோரம் ஒரு காலைப்பொழுது நின்றால் போதும். உள்ளே செல்ல முன் அனுமதி வேண்டும்; இந்தப் பயிற்சிக்கு வெளியிலிருந்து தெரியும் மாடிகளே போதுமானவை.

முதல் படம், மெக்சிகோவின் யுகாத்தானில் உள்ள பழைய மாயன் நகரமான ஊஷ்மாலின் ஆளுநர் மாளிகை. அதன் கீழ்ப்பாதியைத் தாளால் மறைத்துவிட்டு மேற்பாதியை மட்டும் வரையுங்கள். அந்த வேலைப்பாடு முழுவதும் தனித்தனியே செதுக்கிய ஆயிரக்கணக்கான சிறு கற்களைச் சேர்த்து அமைத்தது என்பதும், மழைத் தெய்வமான சாக்கின் முகம்கூட அப்படிக் கோத்த துண்டுகளால் ஆனதே என்பதும் பென்சில் ஓடும்போதுதான் புலப்படும். பிறகு தாளை எடுங்கள். கீழ்ச்சுவரை வெறுமையாக விட்டிருப்பதால்தான் மேலே உள்ள நெரிசல் கண்ணை உறுத்துவதில்லை.

இரண்டாவது படம், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1924இல் லாஸ் ஏஞ்சல்ஸில் எழுந்த என்னிஸ் இல்லம். 16 அங்குலச் சதுரக் கான்கிரீட் கட்டிகளில் ஊஷ்மாலை நினைவூட்டும் கோலத்தை அச்சில் வார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு கட்டியைக் கவனமாக வரைந்து, அதையே பக்கம் முழுவதும் அடுக்குங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்துப் பழைய மாடிவீடுகளின் சிமென்ட் ஜாலியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் கைவரும். (ஜாலிக்கு மாயன் பூர்வீகம் எதுவும் இல்லை, ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் வார்த்து அடுக்கும் முறைதான் பொது.)

இப்போது நிமிர்ந்து கோல்கொண்டைப் பாருங்கள். இதை வடிவமைத்த ஆன்டனின் ரேமண்ட், டோக்கியோ இம்பீரியல் ஓட்டல் பணிக்காக ரைட்டுடன் 1919இல் ஜப்பான் சென்று, மாயன் சாயல் படிந்த அந்தக் கட்டடத்தின் செதுக்கல்களுக்கு நடுவே உழைத்து, பின்னர் விலகித் தனியே தொழில் தொடங்கியவர். 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய இந்த விடுதியின் முகப்பில் செதுக்கிய அலங்காரம் இல்லை; வடக்கு, தெற்கு முகங்களில் திறந்து மூடக்கூடிய கிடைமட்டச் சிமென்ட் பலகைகள் மட்டுமே வரிசை வரிசையாகத் தொடர்கின்றன. அடுக்கும் முறை தங்கிவிட்டது, கோலம் உதிர்ந்துவிட்டது. ஆகவே பலகையை வரையாமல் அதன் அடியில் விழும் நிழலை வரையுங்கள். ஒன்பது மணிக்கு ஒரு முறையும் பதினொரு மணிக்கு ஒரு முறையும் தெற்கு முகத்தை வரைந்தால், ஊஷ்மாலில் உளியும் என்னிஸில் அச்சும் செய்த வேலையை இங்கே வெயில் செய்வது தெரியும்.

குறிப்பு எழுதும்போது கோல்கொண்டை மாயன் கட்டடம் என்று சொல்லிவிடாதீர்கள். கூரையின் வளைந்த கான்கிரீட் ஓடுகளும் மாயன் வளைவுகள் அல்ல. மாயன் வளைவு, இருபுறமும் கற்களை வரிசைக்கு வரிசை சற்றே முன்தள்ளி அடுக்கி உச்சியில் மூடுவது. இந்த ஓடுகளோ, தட்டையான தளத்துக்கு மேல் இடைவெளி விட்டுக் காற்றோட வைத்து, நம் ஊர்ச் சித்திரை வெயில் அறைக்குள் இறங்காமல் காப்பவை.