டிரான்சிஸ்டர் மாற்றிய பிறகும் ஆம்ப் ஏன் எரிகிறது?

கார் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) ஸ்பீக்கருக்குக் கரண்ட் தள்ளும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால், புதுசு வாங்கி மாட்டி நேரே பேட்டரியில் கொடுத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம். 'டப்' என்று ஒரு சத்தம், புதுசும் காலி. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு வரும் வேன் செட்டுகளில் இப்படி இரண்டாம் தடவை எரிந்தவை நிறைய. அவுட்புட் டிரான்சிஸ்டர் சும்மா போவது அபூர்வம். ஏதோ ஒன்று அதை எரித்திருக்கும். போகிற போக்கில் அது பக்கத்தில் இருப்பதையும் கெடுத்திருக்கும்.

பக்கத்தில் இருப்பது முதலில் அவுட்புட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர், அப்புறம் அவுட்புட்டின் எமிட்டர் காலில் வரும் எமிட்டர் ரெசிஸ்டர். 0.22 ஓம், 0.33 ஓம் என்று வெள்ளைக் கட்டியாக இருக்குமே, அதுதான். வெளியே பளிச்சென்று இருந்தாலும் உள்ளே அறுந்திருக்கும், கண்ணை நம்பாதீர்கள். இணையாக நான்கு டிரான்சிஸ்டர் உள்ள வரிசையில் ஒரு ரெசிஸ்டர் அறுந்தால் மிச்ச மூன்றின் தலையில்தான் முழுச் சுமையும் விழும். ஒன்றுதான் போயிருக்கிறது என்றாலும் வரிசை முழுவதையும் ஒரே பேட்சில் மாற்றிவிடுங்கள்.

அவுட்புட்டில் வரும் 5200, 1943 என்ற நம்பர் டிரான்சிஸ்டர் ஜோடியில் போலி தாராளமாகப் புழங்குகிறது. அசல் 15 ஆம்பியர், 230 வோல்ட் தாங்கும். போலிக்குள் இருக்கும் சில்லு பெரும்பாலும் சின்னது. மெதுவாகப் பாடும்வரை தாங்கும், வால்யூம் ஏற்றினால் போய்விடும். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

நான் அதிகம் பார்ப்பது மைக்காவில் நடக்கும் தவறு. டிரான்சிஸ்டருக்கும் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே கரண்ட் கடக்காமல் வைக்கும் மெல்லிய தகடுதான் மைக்கா. இந்த டிரான்சிஸ்டரின் பின்பக்க உலோகம்தான் கலெக்டர் முனை, அது ஹீட்சிங்க்கைத் தொடக் கூடாது. ஹீட்சிங்க்கின் திருகுத் துளை ஓரத்தில் ஊசி முனை அளவு அலுமினியப் பிசிர் நீட்டிக்கொண்டிருந்தாலும், திருகை இறுக்கும்போது மைக்காவைக் குத்திவிடும். துளையை விரலால் தடவிப் பாருங்கள். சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுசை மெல்லிசாகத் தடவுங்கள். மாட்டியதும் ஹீட்சிங்க்குக்கும் கலெக்டருக்கும் நடுவே மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வையுங்கள், பீப் அடிக்கக் கூடாது. திருகாமல் 'சும்மா ஒரு தடவை' பவர் கொடுப்பதும் வேண்டாம். சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணியில் நிற்கும் வண்டியின் டிக்கி எப்படிக் கொதிக்கும் என்று தெரியும்தானே, அங்கே அரைகுறையாகத் திருகியது தாங்காது.

முதல் தடவை பவர் கொடுக்கும்போது பாசிட்டிவ் வயரில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராக வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கர் வேண்டாம். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் சரி. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். பல்பு மங்கினால் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாட்டு ஓடாதபோதும் அவுட்புட்டில் ஓடும் சிறு கரண்டான பயாஸை எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே அளக்கலாம்: 0.22 ஓமில் 5 மில்லிவோல்ட் வந்தால் ஏறக்குறைய 23 மில்லிஆம்பியர். இந்தக் கரண்டைக் கட்டுப்படுத்தும் பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட்சிங்க்கை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டாவிட்டால் சூடு ஏறுவது அதற்குத் தெரியாது, கரண்ட் ஏறிக்கொண்டே போகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஆம்ப்பை மட்டும் மாட்டிக் கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டு சேனலைச் சேர்த்து ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பிரிட்ஜில் 4 ஓமுக்குக் குறைந்த ஸ்பீக்கர் போட்டிருந்தால் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓமுக்கும் கீழ் போய்விடும். பல ஆம்ப் அதைத் தாங்காது. ஸ்பீக்கர் வயர் சீட்டுக்கு அடியில் நசுங்கி, தோல் உரிந்து வண்டியின் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வயரை இரு முனையிலும் கழற்றி, அதற்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தபடி சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்த இடத்தில் பீப் அடிக்கிறதோ அங்கே வயரை மாற்றுங்கள்.