பண்ணைப் பெட்டியில் வந்ததை வைத்துச் சமைப்பது எப்படி

கடைக்குப் போகும்போது என்ன சமைப்பது என்று முடிவு செய்துகொண்டு காய் வாங்குகிறோம். ஒரு பண்ணைக்கு முன்கூட்டியே பணம் கட்டி, அதன் விளைச்சலில் நம் பங்கை வாராவாரம் ஒரு பெட்டியில் வாங்கினால் அது தலைகீழ். அந்த வாரம் நிலத்தில் எது விளைந்ததோ அதுதான் பெட்டியில் வரும். பெட்டியைத் திறந்துவிட்டு ஒவ்வொரு காய்க்கும் ஒரு சமையல் குறிப்பைத் தேடினால் சீக்கிரமே அலுத்துவிடும். நான் காயின் பெயரைப் பார்ப்பதில்லை. அது இலையா, தண்டா, கிழங்கா, நீர்க்காயா என்று பார்க்கிறேன். எது முதலில் வாடுமோ அது முதலில் அடுப்புக்குப் போகும்.

பெட்டி வந்த அன்று எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பிரித்து வைக்கும் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். பீட்ரூட், முள்ளங்கி, கேரட் எல்லாம் தழையோடு வந்தால் முதல் வேலை தழையை வெட்டுவது. கிழங்கின் மேல் ஒரு விரற்கடை காம்பு விட்டு வெட்டுங்கள். தழை ஒட்டியிருக்கும்வரை கிழங்கிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மொறுமொறுவென்று வந்த முள்ளங்கி தொளதொளத்துப் போவது இதனால்தான். வெட்டிய தழை குப்பை இல்லை, அது உங்களுக்குக் கிடைத்த இன்னொரு கீரை. அதைக் கழுவி, ஈரம் போக உதறி, மெல்லிய துணியில் சுருட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். வாடி வந்த கீரையைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

தக்காளி வெளியிலேயே இருக்கட்டும், ஃபிரிட்ஜ் குளிரில் அதன் மணம் மங்கிவிடும். கீரைக்குப் பக்கத்திலும் வேண்டாம். பழுக்கும் தக்காளியிலிருந்து வரும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். உருளையும் வெங்காயமும் இருட்டில், தனித்தனியாக.

பிறகு ஒரு சீட்டில் வரிசையை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவேன். கீரையும் மக்காச்சோளமும் முதலில். பறித்த நேரத்திலிருந்தே சோளத்தின் இனிப்பு மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடுவதால், அதை அன்றைக்கே வேகவைப்பது நல்லது. அடுத்து பீன்ஸ், சுக்கினி (வெள்ளரி போல நீளமான, தோல் மெல்லிய பூசணி வகை), பிராக்கோலி. கோஸும் கேரட்டும் வாரக் கடைசிவரை தாங்கும். தோல் கெட்டிப்பட்ட பூசணியை வெட்டாமல் வைத்தால் மாதக் கணக்கில்கூட இருக்கும், அதற்கு அவசரமே இல்லை.

ஒரே காயை மூன்று காயாக நினைக்கப் பழகுவதற்கு பீட்ரூட்டைப் போல வேறு எதுவும் கிடையாது. கிழங்கைத் தோலோடு அலுமினியத் தாளில் பொதிந்து 200 டிகிரி ஓவனில் வைத்தால், அளவைப் பொறுத்து 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கினால் பதம். சூடு ஆறியதும் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் தோல் தானாகக் கழன்று வரும். தண்ணீரில் வேகவைப்பதைவிட இதில் இனிப்பு செறிவாக இருக்கும். காம்புகளைப் பொடியாக நறுக்கி, வெங்காயம் வதக்குவதைப் போல எண்ணெயில் பூண்டோடு வதக்குங்கள், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கடைசி இரண்டு நிமிடத்தில் இலையைக் கிள்ளிப் போட்டு, உப்பு சேர்த்து, இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். அந்தக் கீரையின் மேல் வெந்த கிழங்குத் துண்டுகளைக் கடைசியில் வைத்தால்தான் எல்லாம் சிவப்பாகாமல் இருக்கும். மண்வாசனை பிடிக்காது என்பவர்களுக்கு அந்தப் புளிப்பு அவசியம்.

எதற்குப் பதில் எதைப் போடலாம் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, நூல்கோல், கேல் என்னும் கீரை எல்லாம் ஒரே தாவர இனத்திலிருந்து மனிதர்கள் பிரித்தெடுத்த வகைகள். அதனால் கோஸுக்குச் செய்யும் பக்குவம் நூல்கோல் இலைக்கும் காலிஃபிளவர் தண்டுக்கும் பொருந்தும். தண்டின் தடித்த தோலை மட்டும் சீவிவிடுங்கள். இந்த வகைகளை அதிக நேரம் கொதிக்கவிட்டால் கந்தக வாடை கிளம்பும். சூப்புக்கான சாறு காய்ச்சும்போது இவற்றைச் சேர்க்காமல் கேரட் நுனி, வெங்காயத்தாள், மல்லித்தண்டு போன்றவற்றை முக்கால் மணி நேரம் காய்ச்சினால் போதும்.

வெயில் காலத்தில் சுக்கினி வந்து குவியும். அதில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். துருவி, உப்பு பிசிறி, பத்து நிமிடம் கழித்துக் கையால் இறுக்கிப் பிழிந்துவிட்டு, மாவும் வெங்காயமும் சேர்த்துத் தட்டிப் பொரிக்கலாம். எனக்கு இன்னும் பிடித்தது, நிறைய சுக்கினியைத் துருவிப் பூண்டும் எண்ணெயும் விட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் கிளறிச் சுண்டவைப்பது. சட்டி நிறையப் போட்டது ஒரு கிண்ணமாக அடங்கும், ரொட்டியில் தடவிச் சாப்பிட அவ்வளவு ருசி. ஆனால் சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடும் கசப்பு இருந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்புக்குக் காரணமான நச்சு சமைத்தாலும் போகாது. உருளையில் பச்சை படிந்த இடங்களையும் முளைகளையும் தாராளமாக வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அப்படியும் மிஞ்சும் கீரையைக் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, பிழிந்து, கைப்பிடி அளவு உருண்டைகளாக ஃப்ரீசரில் வைப்பேன். மிஞ்சிய கோஸுக்கு உப்புதான் வழி. ஒரு கிலோவை மெல்லியதாகச் சீவி 20 கிராம் உப்பைச் சேர்த்து, நீர் விடும்வரை பிசையுங்கள். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் அமுக்கி அடையுங்கள். கோஸ் எப்போதும் தன் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், அதற்கு மேலே ஒரு சிறு பாரம் வையுங்கள். வாயு வெளியேற மூடியைத் தினமும் ஒருமுறை லேசாகத் தளர்த்துங்கள். ஒரு வாரத்தில் புளிப்பு ஏறத் தொடங்கும். உங்கள் நாக்குக்குப் போதுமென்று பட்டதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடலாம்.