லாரி லோடைக் காமா ஸ்கேனரில் தரம் பிரிப்பது எப்படி?

நமீபியாவின் ராசிங் சுரங்கத்தில் தாதுவின் தரம் டன்னுக்கு சுமார் 300 கிராம் யுரேனியம்தான். 1976-இலிருந்து வெட்டுகிறார்கள். யுரேனியம் இருப்பது அலாஸ்கைட் என்ற வெளிறிய கிரானைட்டில். ஆனால் அலாஸ்கைட் எல்லாமே தாது அல்ல, கண்ணால் பிரிக்க முடியாது. அதனால்தான் பாறை ஏற்றிய லாரி, பாறை விடும் காமா கதிரை அளக்கும் ஸ்கேனருக்கு அடியில் நின்று போகிறது. கிரஷரா, தரம் குறைந்த குவியலா, கழிவு மேடா என்பது அங்கே முடிவாகிறது.

தரக்கட்டுப்பாட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஸ்கேனரில் உள்ள டிடெக்டர் பார்ப்பது யுரேனியத்தை அல்ல, அது சிதைந்து உருவாகும் வாரிசுத் தனிமங்களை. யுரேனியம் 238 தானாக விடும் காமா மிகச் சொற்பம். நமக்குக் கிடைக்கும் கவுண்டில், அதாவது டிடெக்டர் எண்ணும் காமா எண்ணிக்கையில், பெரும்பகுதி ஈயம் 214, பிஸ்மத் 214 என்ற இரண்டு வாரிசுகள் தருவது. நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போய், இன்னொரு வாரிசான ரேடியம் மட்டும் தங்கிய பாறையில் கவுண்ட் ஏறும், யுரேனியம் இருக்காது. பாறை உடைந்தால் ரேடியத்திலிருந்து வரும் ரேடான் வாயு கசியும், அதற்குப் பின் வரும் வாரிசுகள் குறையும், கவுண்ட் இறங்கும். ஆகவே எந்தக் கவுண்டுக்கு எந்தத் தரம் என்று பொருத்தும் அளவுத்திருத்தத்தை உடைத்த பாறையை வைத்தே செய்யுங்கள். ஸ்கேன் செய்த லோடுகளிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, வரும் தரத்தைக் கவுண்டோடு ஒப்பிடுங்கள். வெட்டும் இடம் மாறினால் மறுபடியும் செய்யுங்கள்.

ஷிப்ட் தொடங்கியதும் வெறும் லாரியை நிறுத்திப் பின்னணி அளவு எடுக்க வேண்டும். அதற்கு முன் லாரித் தொட்டியின் மூலைகளைப் பாருங்கள். நல்ல தாதுவின் ஈரத்தூள் அங்கே அப்பிக்கொண்டிருந்தால், அடுத்து ஏற்றும் கழிவுப் பாறைகூடத் தாது மாதிரி காட்டும். சோடியம் அயோடைடு டிடெக்டர் காட்டும் ஆற்றல் அளவு வெப்பத்துக்கு ஏற்ப நகரும். பாலைவனத்தில் காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் போதும். காமாவின் ஆற்றல் முன்பே தெரிந்த சீசியம் 137 வைத்து, 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சி அதன் இடத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

மொத்தக் கவுண்டை மட்டும் நம்ப வேண்டாம். கிரானைட்டில் பொட்டாசியம் தாராளம், அதன் காமா 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். தோரியம் வழி வருவது 2,614. பிஸ்மத்தின் 1,764 சன்னலில், அதாவது அந்த ஆற்றலைச் சுற்றிய வரம்பில், விழுந்ததிலிருந்து தோரியத்தின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் தரம் சொல்ல வேண்டும்.

அப்புறம், 180 டன் லோடில் காமா வெளியே வருவது மேலுள்ள அரை மீட்டர் அளவிலிருந்துதான். அடியில் இருப்பதை ஸ்கேனர் பார்ப்பதே இல்லை. ஆகவே தரம் பிரிக்கும் வேலை பாறையை அள்ளும் ஷவலிலேயே தொடங்குகிறது: வெடிமருந்து வைக்கப் போடும் துளைகளில் காமா புரோப் இறக்கி எல்லை குறித்துக்கொடுத்து, ஒரே லாரியில் இரண்டு தரம் கலக்காமல் அள்ளச் சொல்லுங்கள்.

எல்லைக்கோட்டில் நிற்கும் லோடைத் தரம் குறைந்த குவியலுக்கே அனுப்புங்கள். அதைப் பிறகு எடுத்து அரைக்கலாம். கழிவு மேட்டில் கொட்டியதைத் தோண்டி எடுக்க யாரும் பணம் தரமாட்டார்கள். கழிவு என்று ஸ்கேனர் சொன்ன லோடுகளிலும் அவ்வப்போது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.