ஊருணிக் கரைப் பூங்காவில் இருட்டைக் காப்பது எப்படி?

காரைக்குடியை விட்டுக் கொஞ்சம் வெளியே போனாலே செம்மண் பொட்டலும் கண்மாயும்தான். இருட்டுக்குப் பஞ்சமில்லாத சீமை. ஆனால் ஊருணிக் கரையில் பூங்கா போட்ட மறுமாதமே நாலு ஃப்ளட் லைட் வந்துவிடும். விளக்கை அணையுங்கள் என்றால் ஊர் ஒப்புக்கொள்ளாது; பாம்பு நடமாடும் இடம், கேட்பதும் சரியில்லை. வெளிச்சம் வானத்துக்குப் போகாமல் தரையில் விழ வேண்டும், அதுதான் வேலை.

1. எதையும் மாற்றுமுன் அளவு எடுங்கள்

அமாவாசையை ஒட்டிய நாலைந்து இரவுகள் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் விடாது. தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். தை மாதம் இரவு எட்டு மணி வாக்கில் கார்த்திகை மீன்கள் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். இருபது நிமிடம் போனைத் தொடாமல் இருந்துவிட்டு எண்ணிப் பாருங்கள். ஆறும் தனித்தனியாகத் தெரிந்தால் வானம் நன்றாக இருக்கிறது. மூன்று நான்கோடு நின்றால், அல்லது வெறும் புகைபோலத் தெரிந்தால், வெளிச்சம் கெடுக்கிறது. கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டே எண்ண வேண்டும்.

அடுத்து கேமரா. முக்காலியில் வைத்து லென்ஸை நேர் மேலே திருப்புங்கள். 18 மி.மீ., எஃப் 3.5, ஐஎஸ்ஓ 1600, 15 விநாடி, ஒயிட் பேலன்ஸ் 4000 கெல்வின், ரா கோப்பு. ஆட்டோவில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் பிறகு எடுக்கும் படத்தை இதோடு ஒப்பிட முடியாது. முக்காலி நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து வையுங்கள்.

வானத்தின் இருட்டை எண்ணாகக் காட்டும் கையடக்கக் கருவியான ஸ்கை குவாலிட்டி மீட்டர் கிடைத்தால் நல்லது. அதில் எண் கூடக்கூட இருட்டு அதிகம். 2024இல் டார்க் ஸ்கை பார்க் (இருண்ட வானப் பூங்கா) அங்கீகாரம் பெற்ற பெஞ்ச் புலிகள் காப்பகம் போன்ற இடங்களுக்கு 21.2 என்பது வாசல்படி. ஊருணிக் கரைக்கு அந்த ஆசை வேண்டாம். 0.75 ஏறினாலே வானத்தின் பிரகாசம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று பொருள்.

2. விளக்குக் கணக்கு

ஒவ்வொரு விளக்குக்கும் உயரம், வாட்ஸ், சாய்வு, நிறம் எழுதுங்கள். இருபது மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்: எரியும் எல்இடியே கண்ணில் குத்தினால் அது குற்றவாளி. வெள்ளையடித்த சுவரையும் படித்துறையையும் விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர் மேல் அடிக்கும் வெளிச்சத்தில் பெரும்பங்கு திரும்பி வானத்துக்குத்தான் போகிறது.

3. விளக்கைத் திருத்துதல்

ஃப்ளட் லைட்டின் தாங்கிப் போல்ட்டைத் தளர்த்தி, கண்ணாடி தரைக்கு இணையாக வரும்வரை திருப்புங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். கம்பத்தில் இருந்தால் லைன்மேன்தான் ஏற வேண்டும், நீங்கள் ஏறாதீர்கள்.

50 வாட்ஸ் ஒன்றுக்குப் பதிலாக, நடைபாதையில் தாழ்வாக 9 வாட்ஸ் இரண்டு போதும். கடையில் கேட்காமலே 6500 கெல்வின் வெள்ளையைத்தான் எடுத்துத் தருவார்கள். அட்டையில் 2700 அல்லது 3000 என்று இருக்கிறதா பாருங்கள். நீலம் கலந்த வெளிச்சம் காற்றில் அதிகம் சிதறும். அதே வாட்ஸில் வானத்தை அதிகம் வெளுக்கும்.

மறைப்பு வேண்டுமானால் தகரத்தை வளைத்து, விளக்குக்குக் கீழே 10 செ.மீ. இறங்கும்படி மாட்டி, உள்பக்கம் பளபளப்பில்லாத கறுப்பு அடியுங்கள். பின்னால் உள்ள அலுமினிய விசிறி வரிகளை மூடினால் சூடு போக வழியில்லாமல், எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சீக்கிரம் போய்விடும். பலரும் செய்யும் தப்பு இது.

மோஷன் சென்சார் வைப்பதானால் இரண்டு மீட்டர் உயரத்தில், ஒரு நிமிட அளவில். நாய்க்கும் எரியும், பரவாயில்லை. சித்திரை வெக்கையில் சில நேரம் ஆளுக்கே எரியாது. காற்றும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை.

4. கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். ஒரு பக்கக் கரையில் மட்டும் ஒரு மாதம் சோதனை என்று கேளுங்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டுங்கள். பேருந்து நிறுத்தத்து விளக்கைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுக்குடிப்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தச் சீமைக்கு இப்படிப்பட்ட கோரிக்கை புதிதல்ல.

5. படம் எடுக்க

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாமல், திருவாதிரையையோ அகத்தியர் நட்சத்திரத்தையோ திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் ஃபோகஸ் வளையத்தை டேப் ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு விநாடி டைமர் வையுங்கள். தைப் பனியில் லென்ஸ் மங்கும்; கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

விநாடிக் கணக்குக்கு 300ஐக் குவியத் தூரத்தால் வகுங்கள். கேமராவில் இருப்பது சிறிய அளவு சென்சாரானால் (கிராப் சென்சார்) முதலில் அந்தத் தூரத்தை 1.5ஆல் பெருக்க வேண்டும். அப்படி 18 மி.மீ.க்கு 11 விநாடி வரும். திருவாதிரைப் பக்கம் இதை மீறினால் நட்சத்திரம் கோடாகும். பால்வெளியின் தடித்த பகுதிக்குப் பங்குனி விடியற்காலை நாலு மணி, தெற்கே சற்றுக் கிழக்காக. திரிசங்கு (தெற்குச் சிலுவை) சித்திரையில் இரவு பத்தரைக்கு நேர் தெற்கே, நீட்டிய கையின் இரண்டு முஷ்டி உயரத்தில் நிற்கும். வானத்தின் தென் துருவத்துக்கு நெருக்கமாக இருப்பதால் மெதுவாக நகரும், அங்கே 20 விநாடி வரை தாராளமாகப் போகலாம்.