கடையில வேலை செய்யுறீங்களா, ஈபிஎஃப் காசு ஒழுங்கா போகுதான்னு இப்படி பாருங்க

கொழும்புல புறக்கோட்டை கடையோ வெள்ளவத்தை ஹோட்டலோ, எங்க வேலைக்குப் போனாலும் முதல் நாள்ல இருந்தே ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உங்கட உரிமை, "கேசுவல் தானே, ஆறு மாசம் போகட்டும்"னு முதலாளி சொன்னா நம்பாதீங்க.

முதல்ல சம்பள சிட்டைய எடுங்க. சம்பளம் 40,000ன்னா உங்ககிட்ட 8 வீதம், அதாவது 3,200 வெட்டுவாங்க, முதலாளி தன்ட பக்கத்துல 12 வீதம் 4,800 போடணும், ஆக மாசம் 8,000 உங்கட பேர்ல சேரணும். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் வேற, 1,200, அத முழுசா முதலாளி தான் போடணும், அதுக்கு உங்க சம்பளத்துல ஒரு சதமும் வெட்ட ஏலாது.

ஆனா சிட்டையில வெட்டிட்டா கட்டிட்டாங்கன்னு அர்த்தமில்ல. எங்க மாமா ஒரு துணிக்கடையில 11 வருஷம் நின்டவர், மாசாமாசம் வெட்டினாங்க, கடைசில பார்த்தா 6 வருஷ காசு தான் போயிருக்கு, மனுஷன் அன்டைக்கு சாப்பிடவே இல்ல. அதனால மெம்பர் நம்பர இப்பவே கேட்டு வாங்குங்க, மத்திய வங்கி ஈபிஎஃப் திணைக்களத்துல ஐடியோட போய் உங்கட கணக்குல எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. பி கார்ட்ல (ஈபிஎஃப் மெம்பர் கார்ட்) பேரும் ஐடி நம்பரும் எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கணும், தமிழ் பேர இங்கிலீஷ்ல எழுதேக்க தான் நிறைய பேருக்கு பிழைக்குது, பிறகு காசு எடுக்க அலையணும்.

காசு குறைஞ்சா சிட்டை, நியமனக் கடிதம் எல்லாம் கொப்பி எடுத்து தொழில் திணைக்களத்துல எழுத்துல முறைப்பாடு குடுங்க, தலைமை ஒஃபிஸ் நாரஹேன்பிட்டில. சிட்டையே தராத கடைன்னா சம்பளம் பேங்குக்கு வந்த பாஸ்புக் பக்கத்த கொண்டு போங்க.