தண்டர்பேர்டில் பழகிய தோற்றத்தை மீட்டுக்கொள்வது எப்படி

தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியின் முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. ஏறத்தாழ அன்று முதலே அதைப் பயன்படுத்தி வருபவர்களுக்கு, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது கண் பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரியும். 2023 ஜூலையில் 'சூப்பர்நோவா' என்ற பெயருடன் வந்த 115ஆம் பதிப்பில் கருவிப்பட்டை சாளரத்தின் உச்சிக்குச் சென்றது, புதிய அஞ்சலைப் பெறும் பொத்தான் இடப்புறக் கோப்புறைப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது, அஞ்சல்களை அட்டை அட்டையாகக் காட்டும் புதிய காட்சியும் சேர்ந்தது. பழைய வடிவத்தின் பெரும்பகுதி இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதைத் திரும்பப் பெறும் வழியை இங்கே விண்டோஸ் கணினியை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் அஞ்சல்களும் கணக்குகளும் கண்ணுக்குத் தெரிகின்றனவா, அல்லது செயலி புதிதாகக் கணக்கு அமைக்கும்படி கேட்கிறதா? இரண்டாவது நிலை என்றால் பழுது தோற்றத்தில் இல்லை. செயலி வேறொரு புரொஃபைலைத் திறந்திருக்கிறது. அஞ்சல், முகவரிப் புத்தகம், கடவுச்சொற்கள், வடிகட்டி விதிகள், சாளர அமைப்பு ஆகிய அனைத்தும் அடங்கிய கோப்புறையே புரொஃபைல். 2019இல் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொஃபைல் என்ற ஏற்பாடு இருப்பதால், 32 பிட் பதிப்பை நீக்கி 64 பிட் பதிப்பை நிறுவினாலே வெற்றுப் புரொஃபைல் ஒன்று திறந்துவிடக்கூடும். என் பெரியப்பாவின் கணினியைப் பழுதுபார்த்தவர் செயலியை மறுபடி நிறுவிக் கொடுத்தபோது இதுதான் நடந்தது. பல ஆண்டு அஞ்சல்கள் அழிந்துவிட்டன என்றே பெரியப்பா இரண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அவை வட்டில் அப்படியே இருந்தன.

இதைச் சரிசெய்ய, ஆல்ட் விசையைத் தட்டினால் தோன்றும் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து, அதில் 'புரொஃபைல்ஸ்' என்ற வரிசைக்கு எதிரே உள்ள இணைப்பைச் சொடுக்குங்கள். கணினியில் உள்ள புரொஃபைல்கள் எல்லாம் பட்டியலாக வரும். ஒவ்வொன்றிலும் 'ஓப்பன் ஃபோல்டர்' பொத்தானை அழுத்தி, உள்ளே இருக்கும் 'மெயில்', 'ஐமேப்மெயில்' என்ற கோப்புறைகளின் அளவைப் பாருங்கள். பெரிய அளவில் இருப்பதே பெரும்பாலும் உங்களுடையது. அதற்கு 'செட் அஸ் டிஃபால்ட் புரொஃபைல்' கொடுத்துச் செயலியை மூடித் திறந்தால் போதும். தேவையற்றதாகத் தோன்றும் புரொஃபைலை அவசரப்பட்டு நீக்காதீர்கள். பாப் முறையில், அதாவது அஞ்சலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறையில், அஞ்சல் பெறுபவர்களுக்கு அந்தக் கோப்புறையே ஒரே பிரதியாக இருக்கக்கூடும்.

அஞ்சல்கள் இருக்கின்றன, தோற்றம் மட்டுமே மாறியிருக்கிறது என்றால், முதலில் மெனு பாரைக் கொண்டுவாருங்கள். ஆல்ட் விசையை ஒருமுறை தட்டினால் அது தற்காலிகமாகத் தோன்றும். அப்போது வியூ மெனுவில் டூல்பார்ஸ் என்பதற்குள் 'மெனு பார்' என்பதைத் தேர்ந்தால் நிலைத்துவிடும். இடது ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் ஸ்பேசஸ் பட்டை வேண்டாம் என்றால் அதே இடத்தில் அதை நீக்கலாம். பின்னர் வியூ மெனுவில் லேஅவுட் என்பதற்குள் 'கிளாசிக் வியூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே அஞ்சல் பட்டியல், கீழே அஞ்சலின் உள்ளடக்கம் என்ற பழைய அமைப்பு உடனே வந்துவிடும். கீழ்ப்பகுதி தென்படாவிட்டால் எஃப்8 விசையை அழுத்திப் பாருங்கள். தெரியாமல் அந்த விசையில் கை பட்டு அது மறைந்திருக்கலாம்.

பழகிய கண்ணை மிகவும் அலைக்கழிப்பது அஞ்சல் பட்டியல்தான். ஒரு வரிக்கு ஓர் அஞ்சல் என்று பார்த்துப் பழகியவருக்கு, அட்டைக் காட்சியில் ஒரு திரையில் தெரியும் அஞ்சல்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். பட்டியலின் மேற்புறம் வலது மூலையில் உள்ள காட்சித் தேர்வுக் குறியைச் சொடுக்கி 'டேபிள் வியூ' என்பதைத் தேர்ந்தால் தலைப்பு, அனுப்புநர், தேதி என்ற நெடுவரிசைகள் திரும்பும். அப்படித் திரும்பும்போது அனுப்புநருக்கான 'ஃப்ரம்' வரிசைக்குப் பதிலாக, அனுப்பியவரையும் பெறுநரையும் ஒன்றாகக் காட்டும் 'கரஸ்பாண்டன்ட்ஸ்' வரிசை நிற்கக்கூடும். நெடுவரிசைப் பெயர்கள் நிற்கும் மேல் வரியின் வலக்கோடியில் உள்ள சிறு குறியைச் சொடுக்கி, வேண்டியதற்குக் குறியிட்டு, வேண்டாததை எடுத்துவிடுங்கள். அந்தப் பெயர்களை இழுத்து நெடுவரிசைகளின் இடத்தையும் மாற்றலாம்.

நெடுவரிசைகளும் வரிசைமுறையும் ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கப்படுகின்றன. இதை அறியாமல் இன்பாக்ஸை மட்டும் சரிசெய்துவிட்டு, மற்றவற்றில் பழைய குழப்பமே இருப்பதைக் கண்டு மனம் சலித்தவர்கள் பலர். ஆகவே இன்பாக்ஸில் எல்லாவற்றையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள்: தேதித் தலைப்பைச் சொடுக்கி, புதிய அஞ்சல் மேலேயா கீழேயா என்று முடிவு செய்யுங்கள், உரையாடல்களாகத் தொகுப்பது பிடிக்காவிட்டால் வியூ மெனுவில் சார்ட் பை என்பதற்குள் 'அன்த்ரெடட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு, நெடுவரிசைகளைத் தேர்ந்த அதே குறியின் கீழ் 'அப்ளை கரன்ட் வியூ டு' என்பதன் வழியே கணக்கின் மேல்நிலையையும் அதன் உட்கோப்புறைகளையும் தேர்ந்தால், செய்தது அனைத்திற்கும் பரவும். அனுப்பியவை இருக்கும் கோப்புறையை மட்டும் தனியே திறந்து, அங்கே பெறுநர் வரிசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. 2025இல் வந்த 140ஆம் பதிப்பு வைத்திருப்பவர்கள், அமைப்புகளில் 'அப்பியரன்ஸ்' என்ற பகுதியிலேயே அட்டையா அட்டவணையா என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்கலாம்.

கருவிப்பட்டையின் வெற்றிடத்தில் வலது சொடுக்கு செய்து 'கஸ்டமைஸ்' என்பதைத் தேர்ந்தால் பதில், நீக்கு போன்ற பொத்தான்களை மீண்டும் மேலே கொண்டுவரலாம். அஞ்சல் பெறும் பொத்தானையும் அங்கேயே திரும்ப வைக்கலாம். வரிகளுக்கு இடையே வெளி அதிகம் என்று தோன்றினால், மூன்று கோடுகள் உள்ள மெனுவில் 'டென்சிட்டி' என்பதில் 'காம்பாக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வயதானவர்களுக்காக அமைத்துத் தருபவர்கள் அதை அடுத்துள்ள எழுத்தளவையும் பெரிதாக்கித் தந்தால், அவர்கள் கண்ணாடியைக் கழற்றி மாட்டும் சிரமம் குறையும்.

இத்தனைக்கும் பிறகு பொத்தான்கள் மறைந்தே கிடந்தாலோ பகுதிகள் தாறுமாறாக நின்றாலோ, ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட் மோடுக்குச் சென்று, கருவிப்பட்டைகளை மீட்டமைக்கும் கட்டத்தில் மட்டும் குறியிடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், செயலியை முழுமையாக மூடிவிட்டு, புரொஃபைல் கோப்புறையில் 'எக்ஸ்யுஎல்ஸ்டோர்' (xulstore.json) என்ற பெயருடைய ஜேசன் கோப்புக்கு வேறு பெயர் கொடுங்கள். சாளர அமைப்பு அந்தக் கோப்பில்தான் பதிவாகிறது. அதைத் தொடுவதால் அஞ்சல்களுக்கு ஒன்றும் ஆகாது.

பழைய பதிப்பையே மறுபடி நிறுவிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய பதிப்பில் திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்காமல் போகும். அதற்குப் பதிலாக, எல்லாம் மனத்துக்குப் பிடித்தபடி அமைந்த அன்றே டூல்ஸ் மெனுவின் எக்ஸ்போர்ட் வழியாக ஜிப் கோப்பாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். புரொஃபைல் 2 ஜிபிக்கு மேல் இருந்தால் இந்த வழி உதவாது. அப்போது செயலியை மூடிவிட்டு, புரொஃபைல் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.