பல அனலாக் லைன்களை ஆஸ்டரிஸ்க்குடன் இணைக்கும் முறை

ஆஸ்டரிஸ்க் என்பது ஒரு கணினியை அலுவலகத் தொலைபேசி இணைப்பகமாக மாற்றும் மென்பொருள். அதனுடன் இணைக்க வேண்டிய அனலாக் லைன்கள், அதாவது சாதாரணக் கம்பித் தொலைபேசி இணைப்புகள், நான்கு வரை என்றால் கணினிக்குள் பொருத்தும் அட்டையே போதும். இருபது, முப்பது என்று எண்ணிக்கை கூடும்போது, எல்லா லைன்களையும் வாங்கிக்கொண்டு, அழைப்புகளை ஒரே நெட்வொர்க் கேபிள் வழியாக எஸ்ஐபி (நெட்வொர்க்கில் குரல் அழைப்புகளை நடத்தும் நெறிமுறை) முறையில் ஆஸ்டரிஸ்க் கணினிக்கு அனுப்பும் எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற கருவிதான் வசதியானது.

வாங்கும் முன் போர்ட்டின் வகையைப் பாருங்கள். எஃப்எக்ஸ்ஓ போர்ட் வெளியிலிருந்து வரும் லைனை ஏற்கும்; எஃப்எக்ஸ்எஸ் போர்ட் தொலைபேசிக் கருவிக்கு மின்சாரமும் டயல் டோனும் தரும். வெளி லைனை எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டில் செருகினால் கருவி பழுதாகலாம். சும்மா இருக்கும் லைனிலேயே ஏறத்தாழ 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கும்போது அது 90 வோல்ட் மாறுமின்னோட்டம் வரை போகும் என்பதால், கம்பி முனைகளை வெறுங்கையால் தொடாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு கம்பி இணையிலும் சாதாரணத் தொலைபேசி ஒன்றை மாட்டி உங்கள் கைபேசியை அழையுங்கள். திரையில் தெரியும் எண்ணைச் சீட்டில் எழுதி அந்த இணையிலேயே ஒட்டிவிட்டு, பிறகு கேட்வேயில் வரிசையாகச் செருகுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் பின்னர் எந்தக் கம்பி எந்த எண் என்று தேடி, கருவிகள் அடுக்கிய ரேக்கின் முன் டார்ச்சுடன் உட்கார நேரும்.

கேட்வேயின் முகவரியை ஆஸ்டரிஸ்க்கில் டிரங்காக, அதாவது வெளியுலக இணைப்பாகப் பதிந்து, உள்வரும் அழைப்பு எந்த நீட்டிப்பு எண்ணுக்குப் போக வேண்டும் என்று குறிப்பிடுவது சில நிமிட வேலை. வெளியழைப்புக்குக் கடைசி போர்ட்டிலிருந்து கீழிறங்கி எடுக்கும்படி அமையுங்கள். உள்வரும் அழைப்புகள் பெரும்பாலும் முதல் லைனிலிருந்து நிரம்புவதால், இரண்டும் ஒரே லைனில் மோதுவது குறையும்.

உண்மையான சிக்கல் அழைப்பு முடியும் இடத்தில் இருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் வைத்துவிட்டார் என்பதை அனலாக் லைன் சொற்களால் அறிவிப்பதில்லை. மின்னோட்டம் கணநேரம் அறுபடலாம், துருவம் மாறலாம், அல்லது பிஸி டோன் மட்டுமே ஒலிக்கலாம். உங்கள் லைனில் எது நிகழ்கிறது என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு, அதையே கேட்வேயில் தேர்ந்தெடுங்கள். டோன் மட்டும்தான் என்றால், அதன் அதிர்வெண்ணையும் கால அளவையும் சரியாகக் கொடுக்க வேண்டும்: அமெரிக்காவில் 480, 620 ஹெர்ட்ஸ் கலந்து அரை நொடி ஒலித்து அரை நொடி நிற்கும், பிரிட்டனில் 400 ஹெர்ட்ஸ், 0.375 நொடி ஒலித்து அதே அளவு நிற்கும். நான் முதன்முதலில் அமைத்தபோது இதைக் கவனிக்காமல் விட்டேன். குரலஞ்சல் பெட்டி முழுவதும் பிஸி டோன் பதிவாகி, மாலைக்குள் ஒரு லைன்கூட விடுபடவில்லை.

ஆகவே ஒவ்வொரு லைனுக்கும் வெளியிலிருந்து அழைத்து, குரலஞ்சல் எடுத்ததும் வைத்துவிட்டு, அந்தப் போர்ட்டின் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள்.